துணிக் கணக்கு

மூக்காண்டி, வயது இருபத்தாறு.
முக்காண்டி, வயது முப்பத்தொன்று.
மூக்கண்டி, வயது குறிப்பிடவில்லை.
ஒரே ஆள்தான்.
இது தெரிய எனக்குச் சித்திரை முழுக்க ஆனது.
அதுவரை என் அட்டவணையில்
அவனை மூன்று முறை கொன்றிருந்தேன்.

காவல் நிலையத்திலோ அவன் கொலையே ஆகவில்லை.
நூற்று எழுபத்து நாலு, சந்தேக மரணம்,
பாளையங்கால்வாயில் தவறி விழுந்தவன்.
தவறி விழுந்தவன் பிடரியில் வெட்டு எப்படி என்றேன்.
ஏட்டு சொர்ணராஜ் பதிவேட்டை மூடவில்லை,
அதன்மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டார்.
“பின்னால பிரிவு மாத்தியிருப்பாவ மேடம்.
மாத்துனது வேற நோட்டுல இருக்கும்.”
வேற நோட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தது.
கோர்ட்டில் கேட்டால்
ஸ்டேஷனில் இருந்தது.

தகவல் உரிமை மனுவுக்கு
முப்பதாம் நாள் ஒற்றைத் தாள், பச்சை மை:
தாங்கள் கோரிய வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை.
எந்த வடிவில் பராமரிக்கிறீர்கள் என்று
மேல்முறையீடு செய்தேன்.
அதே வாக்கியம் வந்தது. மை மட்டும் நீலம்.

செய்தித்தாள் நறுக்குகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய.
எல்லாக் கொலைக்கும் அவற்றில் ஒரே காரணம்,
முன்விரோதம்.
எந்தத் தெருவுக்கு எந்தத் தெருமேல்
என்று எழுதாமல் விடுவதற்காகவே
யாரோ கண்டுபிடித்த சொல்.

ஐப்பசி மழைக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
பிணவறைக் கூரைக்கடியில் ஒதுங்கியபோதுதான்
உய்க்காட்டான் அந்த நோட்டுகளைக் காட்டினார்.
பள்ளிக்கூட நோட்டு ஏழு, சணலில் கட்டியது.
பின்னட்டையில் பதினாறாம் வாய்ப்பாடு.
உள்ளே தேதி, ஊர், துணி இத்தனை மீட்டர், பாக்கி இவ்வளவு.

“வண்ணார்பேட்டைக் கடையில கடனுக்குல்லா எடுக்கேன்.
ஒண்ணு கூட்டி எழுதுனா என் கையிலருந்து போவும்.
குறைச்சு எழுதுனா கடைக்காரன் விடுவானா?”

பதினோரு வருஷம்.
இருப்பதே தெரியாததால்
யாரும் திருத்தச் சொல்லாத கணக்கு.
விரலை வைத்துத் தேதி தேதியாக இறங்கினேன்.
மூக்காண்டி இருந்தான். பெயராக இல்லை, ஊராக.
நாலு மீட்டர்.
கழுத்துக்குத் தனியா அரை.

அபிஷேகப்பட்டி பஸ்ஸில் இடம் இருந்தும்
நின்றுகொண்டே போனேன்.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
“இதை எப்படிம்மா மேற்கோள் காட்டுவ?
ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம்?”
கேட்டதில் தப்பில்லை.
விபத்துக்கும் துணிதான், தூக்குக்கும் துணிதான்,
பூச்சிமருந்து குடித்தவளுக்கும் அதே நாலு மீட்டர்.
பக்கத்து மாவட்டத்து உடல்களும் கலந்து கிடக்கின்றன.
போதாததற்கு
உய்க்காட்டான் லீவு போட்ட நாட்களில்
ஒருவருமே சாகவில்லை.

ஆகவே நான் ஓர் எண்ணைத் தரவில்லை.
நிலையத்தின் எண், நறுக்குகளின் எண், துணியின் எண்,
ஒன்றின்கீழ் ஒன்று வைத்தேன், கோடு போட்டுக் கூட்டாமல்.
அடிக்குறிப்பு முக்கால் பக்கம் ஏறி வந்தது.
முருகன்குறிச்சியில் தட்டச்சு செய்கிற பையன்
“மேடம், கூட்டுத்தொகை விட்டுப்போச்சு” என்றான்.
விட்டுப்போகவில்லை என்றேன்.
காசை எண்ணி வாங்கிக்கொண்டு
இன்னொரு முறை அட்டவணையைப் பார்த்தான்.

பைண்டிங் காயும் முன்பு உய்க்காட்டானின் போன்.
குரலில் சந்தோஷம்.
“கடைக்காரன் பழைய பாக்கி பூராத்தையும் தள்ளிட்டான்மா.
இனிமே நோட்டு என்னத்துக்கு?
எடைக்குப் போட்டுரவா?”

போட்டுராதீங்க, போட்டுராதீங்க என்று
செருப்பைத் தேடிக்கொண்டே கத்தினேன்.
கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
கீழே ஆறு செம்மண்ணாக ஓடியது.
எத்தனை கிலோ இருக்கும் ஏழு நோட்டு
என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.